சிறுநீரக நோயும் நமது அன்றாட உணவும்



2018-ஆம் ஆண்டு ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. இனிப்பு நீரும் உயர் இரத்த அழுத்தமும் முக்கியக் காரணங்கள். உங்களுக்கு இந்நோய் இருந்தால், உணவில் இவற்றைக் கவனியுங்கள்.

1. உப்பு
ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்கு (5 கிராம்) மேல் வேண்டாம். கருவாடு, ஊறுகாய், அப்பளம், கிச்சாப், சம்பால் பெலாச்சான், சிஞ்சாலோக், பாக்கெட் மீ ஆகியவற்றில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் சேரும். குழம்பில் உப்பைக் குறைத்து, மிளகு, சீரகம், பூண்டு, எலுமிச்சைச் சாறு சேர்த்துச் சமைக்கலாம். ‘சோடியம் குறைந்த உப்பு’ வாங்காதீர்கள். அவற்றில் பலவற்றில் பொட்டாசியம் உண்டு.

2. பொட்டாசியம்
இளநீர் குளிர்ச்சி, முருங்கைக்கீரை சத்து என்று கேட்டு வளர்ந்தோம். சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு அது சரி. பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைச் சரிவர வெளியேற்ற முடியாமல் போகலாம். அது இரத்தத்தில் மிகுந்தால், எந்த அறிகுறியும் இல்லாமலே இதயத்துடிப்பு நின்றுவிடக்கூடும். உங்கள் இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் அதிகம் என்றால் இளநீர், வாழைப்பழம், டுரியான் ஆகியவற்றைத் தவிர்க்கவும். கீரை, உருளைக்கிழங்கு போன்றவற்றைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

பெலிம்பிங் எனப்படும் நட்சத்திரப் பழத்தை மட்டும் அறவே தொடாதீர்கள். அதிலுள்ள நச்சு மூளையைத் தாக்கும், உயிருக்கே ஆபத்து.

3. புரதம்
டயாலிசிஸ் செய்யாதவர்கள் மீன், கோழி, பருப்பை அளவோடு உண்ண வேண்டும். டயாலிசிஸ் செய்பவர்களுக்கோ கூடுதல் புரதம் தேவை. பயந்துபோய் வெறும் கஞ்சி மட்டும் குடித்தால் உடல் மெலிந்து பலவீனமாகும்.

4. தண்ணீர்
எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை. கால் வீக்கம், மூச்சு வாங்குதல் இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

5. நாட்டு மருந்து, வலி மாத்திரை
லேகியம், ஜாமு, கடையில் வாங்கும் மூட்டுவலி மாத்திரை ஆகியவை சிறுநீரகத்தை மேலும் கெடுக்கலாம். மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடாதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துப்போன பத்தியம் உங்களுக்கு ஒத்துவராமல் போகலாம். பாச்சாங் வட்டாரத்தினர் அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில், அடுத்த முறை செல்லும்போது, “என் பொட்டாசியம் எவ்வளவு? நான் எதைக் குறைக்க வேண்டும்?” என்று கேளுங்கள். சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும் கொண்டு செல்லுங்கள். வீட்டில் சமைப்பவரையும் உடன் அழைத்துச் செல்வது நல்லது.