கையெழுத்துப் போட்டால் சம்மதம் ஆகிவிடுமா?

கேள்வி: இன்ஸ்டாகிராமில் விளம்பரம் பார்த்து, வெப் சீரீஸில் நடிக்கக் கொச்சிக்குப் போனேன். முத்திரைத்தாளில் ஆங்கிலத்தில் இருந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள், நகல் தரவில்லை. ஆபாசக் காட்சி என்பது படப்பிடிப்பில்தான் தெரிந்தது. மறுத்தேன். 'மீறினால் ஐந்து லட்சம் கட்டு' என்றார்கள். முகம் தெரியாது என்றும் சொன்னார்கள். நடித்துவிட்டேன். எட்டு மாதமாக ஒரு செயலியில் முகத்தோடு ஓடுகிறது. பயத்தில் வாட்ஸ்அப் உரையாடலை எல்லாம் அழித்துவிட்டேன். ஒப்பந்தம் என்னைக் கட்டுப்படுத்துமா? புகார் கொடுத்தால் என் மேலேயே வழக்கு வருமா?

– பெயர் வேண்டாம், மார்க்கையன்கோட்டை

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், கட்டுப்படுத்தாது. பாலியல் செயலை வெளிப்படையாகக் காட்டும் வீடியோவை இணையத்தில் வெளியிடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-ஏ பிரிவில் குற்றம். முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டம் தடுத்த காரியத்துக்காகப் போட்ட ஒப்பந்தம், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 23-ஆம் பிரிவின்படி செல்லாது. அதை வைத்து ஐந்து லட்சம் வசூலிக்க எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. அவர்களுக்கும் இது தெரியும். அது வெறும் மிரட்டல்.

சம்மதமும் அப்படித்தான். படம்பிடிக்கச் சம்மதித்த பெண் அதைப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது குற்றம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவின் விளக்கம். ஒப்பந்தத்தில் வெளியீடு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் நிச்சயம் காட்டுவார்கள். மிரட்டியும் பொய் சொல்லியும் வாங்கிய சம்மதம் சம்மதமல்ல என்பது உங்கள் வாதம். அதை நிரூபிக்க வேண்டாமா?

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது, சகோதரி. 'மீறினால் ஐந்து லட்சம்', 'முகம் தெரியாது' என்று அவர்கள் எழுதியது எதுவாவது இருந்திருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி உங்களுக்கு ஏது? அதை உங்கள் கையாலேயே அழித்திருக்கிறீர்கள். நகல் இல்லாமல் கையெழுத்துப் போட்டது ஒரு தவறு என்றால், எட்டு மாதம் வாய் திறக்காமல் இருந்தது அதைவிடப் பெரிய தவறு. லாட்ஜில் தங்கவைத்திருந்தால் அதன் கேமரா பதிவு இந்நேரம் போயிருக்கும். அந்தச் செல்போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், விற்காதீர்கள். பேக்கப்பில் ஏதாவது மிஞ்சியிருக்கலாம். விளம்பரம், பயணச்சீட்டு, பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம், வீடியோவின் இணைப்பு, பார்த்த தேதி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

வீடியோவை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள், வக்கீலுக்கும்கூட. 67-ஏ வெளியிட்டவரையும் அனுப்பியவரையும்தான் பிடிக்கிறது. நடிக்கவைக்கப்பட்டவர் என்பதால் மட்டும் அது உங்கள் மேல் பாயாது. ஆனால் முதலில் போய்ப் புகார் கொடுத்தவரின் நிலை வேறு, விசாரணையில் பெயர் அடிபட்டுத் தேடப்படுபவரின் நிலை வேறு.

இதெல்லாம் எடுபடுமா என்று சந்தேகம் வேண்டாம். சென்னை டாக்டர் எல்.பிரகாஷ் 2001-இல் கைதானது, ஆபாசப் படங்களில் கட்டாயப்படுத்தி நடிக்கவைக்கப்பட்ட ஓர் இளைஞரின் புகாரில்தான். 2008-இல் விரைவு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2022-இல் திருவனந்தபுரத்தில் ஓர் இளைஞர், ஒப்பந்தத்தைக் காட்டி மிரட்டி ஆபாசத் தொடரில் நடிக்கவைத்தார்கள் என்று புகார் கொடுத்தார்; பின்னர் இயக்குநர் கைதானார். ஏறக்குறைய உங்கள் கதையேதான்.

சம்பவம் கேரளத்தில் நடந்தது என்று சின்னமனூர் காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பினால் போகாதீர்கள். எல்லை பார்க்காமல் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவு. தேனி சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். வீடியோவை நீக்கச் சொல்லிச் செயலியின் குறைதீர் அலுவலருக்குத் தனியே எழுதுங்கள். 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள் இதற்கு 24 மணி நேரக் கெடு வைத்தன. ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் புரிகிறது. இதுபோன்ற வீடியோ வழக்கு ஒன்றில் 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை வழக்கு ஆவணங்களிலிருந்து நீக்கச் சொன்னது. நீங்களும் கேட்கலாம்.

இது கடிதத்தை மட்டும் வைத்துச் சொன்ன பொதுவான கருத்து. வீடியோவில் இருப்பது எந்தப் பிரிவில் வரும் என்பதை ஆவணங்களைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. உத்தமபாளையம் நீதிமன்றத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு நேரில் போங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். எனக்கு இரண்டாவது கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல், இந்த வாரமே ஒரு வக்கீல் முன்னால் போய் உட்காருங்கள்.