பித்தளை வெடிப்பது ஏன்?

சென்ற ஆண்டு தேசிய மாணவர் படை முகாமில் முதன்முதலாகத் துப்பாக்கி சுடும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இலக்கில் எத்தனை குண்டுகள் பட்டன என்பதை இங்கு எழுதாமல் விடுவதே என் மானத்துக்கு நல்லது. சுட்டு முடித்ததும் தரையில் சிதறிக் கிடந்த காலித் தோட்டாக் கூடுகளை ஒன்று விடாமல் பொறுக்கி, எண்ணி ஒப்படைக்கச் சொன்னார்கள். விரல் நுனியளவே இருந்த அந்தப் பித்தளைக்கு இத்தனை கணக்கா என்று கேட்டேன். "சுட்ட பிறகு மிஞ்சுவது இது ஒன்றுதானே, தம்பி" என்றார் பயிற்சி தந்த ஹவில்தார். அந்தச் சொல்லிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை.

குண்டு, மருந்து, தீப்பொறி தரும் சிறு மூடி, இவற்றை ஒன்றாகத் தாங்கும் பித்தளைக் கூடு ஆகிய நான்கும் சேர்ந்ததே ஒரு தோட்டா. சுட்டவுடன் முதல் மூன்றும் செலவாகிவிடும். கூடு மட்டும் நிற்கும். அமெரிக்கா போன்ற நாடுகளில் துப்பாக்கி சுடுதலைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பெரிய ரைபிள்களின் கூடுகளைச் சேர்த்து வைத்து, செப்பனிட்டு, மீண்டும் பயன்படுத்துகிறார்கள். (நாங்கள் சுட்ட சிறிய வகைக் கூடு அதற்கு உதவாது.) நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் இன்றித் தோட்டா செய்வது குற்றம். ஆகவே மருந்தையும் குண்டையும் விட்டுவிட்டு, அந்தப் பித்தளையை மட்டும் பார்ப்போம். வேதியியல் மாணவனுக்கு அதுவே போதுமான விருந்து.

தோட்டாக் கூட்டின் பித்தளையில் 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் உள்ளன. வட்டத் தகட்டைக் கிண்ணமாக அழுத்தி, அதைப் படிப்படியாக நீட்டிக் கூடாக்குகிறார்கள். பித்தளை குளிர்ந்த நிலையில் அடிக்க அடிக்க, இழுக்க இழுக்க, இறுகிக்கொண்டே போகும். ஆதலால் இடையிடையே சூடேற்றி இளக்க வேண்டும். கூட்டைச் சுடும்போது அது விரிகிறது; மறுபடி பயன்படுத்துவோர் அதை அச்சில் இட்டு நெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டு வருகிறார்கள். இப்படிச் சில முறை ஆனதும் கழுத்து இறுகிப் பிளந்துவிடும். இதைத் தவிர்க்க அவர்கள் கையாளும் பழைய முறை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. தட்டில் நீர் ஊற்றிக் கூடுகளைப் பாதியளவு மூழ்கும்படி நிறுத்தி, நீருக்கு மேலே தெரியும் கழுத்தை மட்டும் நெருப்பில் காட்டுகிறார்கள். கழுத்து இளகுகிறது, வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய அடிப்பாகமோ நீரில் குளிர்ந்து தன் உறுதியைக் காத்துக்கொள்கிறது. கறுத்த கூடுகளைத் துலக்க எலுமிச்சையில் உள்ள அமிலத்தையோ காடியையோ பயன்படுத்துகிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் புளி போட்டுத் துலக்குவதும் இதே வேதியியல்தான். ஆனால் அம்மோனியா கலந்த பாலிஷை மட்டும் அவர்கள் தொடவே மாட்டார்கள்.

ஏன் தொடமாட்டார்கள் என்பதற்கான விடை நம் நாட்டிலேயே கிடைத்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் மழைக்காலம் வந்தால் படை நடமாட்டம் குறையும். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பல கூடுகள், குறிப்பாகக் குண்டைப் பிடித்திருக்கும் கழுத்துப் பகுதியில், தாமாகவே வெடித்திருக்கும். ஒருவரும் சுடவில்லை, ஒருவரும் கீழே போடவில்லை. பருவத்தை ஒட்டி வந்ததால் இதற்குப் 'பருவ வெடிப்பு' என்றே பெயர் வந்துவிட்டது. நம் செஞ்சிக் கோட்டையிலும் கல்யாண மகாலை அடுத்து லாய வரிசை இருக்கிறது. ஆனால் 1750இல் பிரெஞ்சுக்காரர்களும் 1761இல் ஆங்கிலேயர்களும் இக்கோட்டையைப் பிடித்தபோது பித்தளைத் தோட்டா பிறக்கவே இல்லை. இந்தத் தொல்லை அவர்களுக்கு இருந்திருக்காது.

1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்னும் மூவர் இதன் காரணத்தை விளக்கினார்கள். குதிரையின் சிறுநீரில் உள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைப்பதால் அம்மோனியா எழுகிறது. ஈரமும் காற்றும் உடனிருக்க, அது செம்பைத் தாக்குகிறது. உப்புப் பகுப்பாய்வில் செம்பு உப்புக் கரைசலில் அம்மோனியாவை மிகுதியாக ஊற்றினால் கருநீலம் தோன்றுவதை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம், அதே வினைதான். ஆனால் அம்மோனியா மட்டும் வெடிப்பை உண்டாக்காது. உருவாக்கும்போது உலோகத்தின் உள்ளே தங்கிவிட்ட இறுக்கமும் வேண்டும். இரண்டும் கூடினால்தான் பிளவு. தோட்டாக் கூட்டை ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தால், அதன் உறுதி பெரிதும் குறையாமலே இந்த உள்ளிறுக்கம் தணிந்துவிடுகிறது.

இதைப் படித்தபோது எனக்குத் தோட்டா நினைவுக்கு வரவில்லை. அம்மாவின் குடம் நினைவுக்கு வந்தது.

அம்மா சீராகக் கொண்டு வந்த பித்தளைக் குடங்கள் மூன்று. பிளாஸ்டிக் குடம் வந்தபின் அவை மாட்டுத் தொழுவத்துப் பரணுக்குப் போய்விட்டன. மூன்று ஆண்டுகளுக்கு முன் பொங்கலுக்கு இறக்கியபோது ஒன்றில் கழுத்திலிருந்து நான்கு விரல் நீளத்துக்கு வெடிப்பு. அம்மா அதைக் கீழே போட்டுவிட்டு மறைத்துவிட்டாள் என்பது ஆயாவின் தீர்ப்பு. இல்லை என்று அம்மா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை, நானுந்தான். அந்தக் குடத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். எங்கும் ஒரு நசுங்கல் கூட இல்லை. விழுந்த குடம் நசுங்காமல் வெடிக்குமா?

ஆனாலும் ஊகம் சான்றாகாது. பேராசிரியரின் அனுமதியோடு நம் ஆய்வகத்தில் ஒரு சோதனை செய்தேன். பித்தளைத் தகட்டில் இரண்டு பட்டைகள் வெட்டிக் கொண்டை ஊசிபோல வளைத்தேன். ஒன்றின் கால்களை நெருக்கி நைலான் நூலால் இறுகக் கட்டினேன். மற்றதைச் சுடரில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டு, கட்டாமல் விட்டேன். அடியில் அம்மோனியாக் கரைசல் இருந்த மூடிய கண்ணாடிக் கலனில், கரைசல் படாதபடி இரண்டையும் வைத்தேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது இரண்டும் நீலம் பூத்திருந்தன. கழுவிப் பார்த்தால், கட்டிய பட்டையின் வளைவில் குறுக்கே வெடிப்புகள்; காய்ச்சிய பட்டையில் ஒன்றுமில்லை.

இரண்டு பட்டைகளையும் வீட்டுக்கு எடுத்துச் சென்று ஆயாவின் உள்ளங்கையில் வைத்து, யூரியா, துத்தநாகம் என்ற சொற்களைத் தவிர்த்துச் சொன்னேன். மாட்டு மூத்திரத்தின் நெடி குடத்தை வெடிக்கச் செய்யும் என்றால் முதலில் நம்பவில்லை. வெடித்த பட்டையை நகத்தால் நெடுநேரம் கீறிப் பார்த்தார். பிறகு, "அப்ப அவ போடலியா?" என்று கேட்டார். அம்மா அடுப்பங்கரையிலிருந்து வெளியே வரவில்லை.

மறுநாள் நான் கல்லூரிக்குப் புறப்படும்போது, தொழுவத்துப் பரணில் மீதியிருந்த இரண்டு குடங்களும் புளி போட்டுத் துலக்கப்பட்டு, நடுவீட்டில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.