சுருள் முனை வைக்கும் தம்பிக்கு



பாளையங்கோட்டையில் ஒரு புதுவீட்டு வாசல்படிக்கு நீ செய்து மாட்டியிருக்கும் கைப்பிடியைப் பற்றியது இந்தக் கடிதம். இரண்டு பக்கமும் 38 மி.மீ. எம்.எஸ். குழாய், கருப்பு பெயின்ட், கீழ்முனையில் பக்கத்துக்கு ஒரு சுருள். ராடு பிடிப்பது, கிரைண்டர் ஓட்டுவது எல்லாம் பட்டறையிலேயே வளர்ந்த உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேச வேண்டியது அந்தச் சுருளைப் பற்றித்தான்.

அது சுருளே இல்லை. மூன்று ரெடிமேட் எல்போக்களை ஒட்டிய வரிசை.

கடை எல்போவுக்கு ஒரே ஆரம்தான். ‘லாங் ரேடியஸ்’ என்று விற்பதுகூடக் குழாயின் அளவைப்போல ஒன்றரை மடங்கு ஆரத்தில் வளைந்தது; 38 மி.மீ. குழாய்க்கு அது 57 மி.மீ. மூன்றை வரிசையாக ஒட்டினால் முக்கால் வட்டம் கிடைக்கும், சுருள் கிடைக்காது. உள்ளே போகப் போக ஆரம் குறைந்துகொண்டே வந்தால்தான் அது சுருள். உன் வேலையில் நேராக இறங்கி வரும் குழாய் ஒரே இணைப்பில் 57 மி.மீ. வளைவுக்குத் தாவுகிறது. அந்த இடத்தில் கண் இடறுகிறது. பட்டி பார்த்து, தேய்த்து, இரண்டு கோட் பெயின்ட் அடித்தும் அது மறையவில்லை. மறையவும் மறையாது, ஏனென்றால் பிழை மேற்பரப்பில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. பள்ளிக்கூட மாடி, ஆஸ்பத்திரி சாய்தளம், கல்யாண மண்டபம் என்று இன்றைக்கு எங்கே போனாலும் இந்த எல்போதான். வளைக்கத் தெரிந்த கைகளுக்கு அது பழக்கம் விட்டுப்போகச் செய்துவிட்டது.

நாகர்கோவில் பக்கம் ஒரு மேஸ்திரி இருந்தார். குழாயைத் தொடுவதற்கு முன் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்துவிடுவார். கால் வட்டம் கால் வட்டமாக வரைவார். முதல் காலுக்கு 200 மி.மீ. ஆரம், அடுத்ததற்கு 150, பிறகு 115, கடைசியில் 85. ஒவ்வொரு முறையும் கவராயத்தின் முள்ளை முந்தைய மையத்தையும் வளைவு முடிந்த புள்ளியையும் இணைக்கும் கோட்டின் மேலேயேதான் நகர்த்துவார். அந்தக் கோட்டை விட்டு முள் விலகினால் இரண்டு வளைவும் சேரும் இடத்தில் முறிவு விழும். அந்தப் படத்தின் மேல் பட்டைக் கம்பியை நிறுத்தி வளைத்து, தகட்டில் வெல்ட் வைத்து அச்சு செய்வார். பையன்கள் யாராவது அவசரப்பட்டுக் குழாயை எடுத்தால், படத்தின் மேல் விரலை ஓட்டிக் காட்டச் சொல்வார். விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே அழித்துவிட்டு மறுபடி வரைய வேண்டும்.

மணல் கெட்டிப்பதில் அவருக்கு இருந்த பிடிவாதம் தனி. மாண்ட்ரல் இல்லாமல் குளிராக வளைத்தால் மையக்கோட்டு ஆரம் குழாய் விட்டத்தின் மூன்று மடங்குக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. 38க்கு அது 114. ஆகவே முதல் மூன்று கால்களையும் பெண்டிங் மெஷினிலேயே முடித்துவிடலாம். 85 வரும்போதுதான் மணலும் நெருப்பும் தேவைப்படும். ஆற்றுமணலைச் சலித்துத் தகரத்தில் வறுத்து, குழாயைத் தட்டித் தட்டி நிரப்பி, இரண்டு வாயிலும் மரக்கட்டை அடைப்பார்கள். மணலில் ஈரம் இருந்தால் சூட்டில் அது நீராவியாகி, கட்டையைத் துப்பாக்கி ரவைபோல் பிடுங்கி எறியும். அதனால் வறுத்த மணலை அந்த மேஸ்திரி தம் உள்ளங்கையில் வைத்துப் பார்க்காமல் எவரையும் நிரப்பவிட மாட்டார். குழாயின் வெல்டிங் கோடு வளைவின் வெளிப்புறத்திலும் வரக்கூடாது, உட்புறத்திலும் வரக்கூடாது. இழுப்போ அழுத்தமோ அதிகம் இல்லாத பக்கவாட்டில் இருக்க வேண்டும். முனையை ஒடுக்குவதை வளைப்பதற்கு முன்பே முடித்துவிடுவார்: நீளவாக்கில் ஆப்பு ஆப்பாக வெட்டி எடுத்து, தட்டி மூடி, வெல்ட் வைத்து அராவுவது. உன் சுருள் ஒடுங்காமலேயே போய் ஒரு தட்டை மூடியில் முடிகிறது. மூடியின் விளிம்பு விரலைக் கீறுகிறது, தம்பி.

இந்த உலை வேலை எம்.எஸ். குழாய்க்கு மட்டும்தான். ஜி.ஐ. குழாயில் வேண்டாம்: துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகும், அந்தப் புகை உள்ளே போனால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். 304 எஸ்.எஸ். குழாயிலும் வேண்டாம்: 450 முதல் 850 டிகிரிக்குள் அது நின்றால் குரோமியம் கார்பனோடு சேர்ந்து பிரிந்துபோய், அந்த இடம் துருவுக்கு எளிதில் இரையாகிவிடும்.

சோழர் கோயில் படிகளை நின்று பார்த்திருக்கிறாயா? தாராசுரம் போனால் பார். யாளியின் துதிக்கை படியின் சரிவோடு இறங்கி, தரையருகே வந்து சுருண்டுகொள்ளும். துதிக்கை எங்கே முடிந்து சுருள் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. கல்லில் செய்தவர்களுக்கு ஒட்டவைக்க எல்போ கிடையாது. பிரஸ்ஸல்ஸ் நகரில் கட்டடக் கலைஞர் விக்தோர் ஓர்த்தா 1893இல் கட்டி முடித்த தசேல் மாளிகைப் படிக்கட்டிலும் இரும்புக் கொடிகள் இப்படித்தான் ஓடுகின்றன. அதே கோடு தரையின் மொசைக்கிலும் சுவரின் ஓவியத்திலும் தொடர்கிறது.

இரண்டாவது குறை முதலாவதைவிடப் பெரியது. உன் சுருள் கடைசிப் படிக்கு மேலேயே தொடங்கிவிடுகிறது. இறங்குகிறவரின் கால் தரையைத் தொடுவதற்குள் கை பிடியை இழக்கிறது. அனைவருக்குமான அணுகல் குறித்து மத்திய அரசு 2021இல் வெளியிட்ட நெறிமுறைகள், படிவரிசை முடிந்த பிறகும் கைப்பிடி 300 மி.மீ. நீள வேண்டும் என்கின்றன. கண் தெரியாதவருக்குப் படி முடிந்துவிட்டது என்று சொல்வது அந்த 300 மி.மீ.தான். முழங்கால் தேய்ந்த பாட்டிக்கு அது கடைசி ஊன்றுகோல். அலங்காரம் அதற்கப்பால் தொடங்கட்டும். சுருளின் வாய் உள்ளே அடங்கியிருக்கட்டும். வெளியே நீட்டினால் சேலை முந்தானை மாட்டும், பையின் வார் மாட்டும்.

இரண்டு குறைக்கும் வேர் ஒன்றே: முனைக்குக் குழாய் ஒதுக்காதது. மேலே சொன்ன நான்கு கால்களின் நீளத்தைக் கூட்டினால் ஏறக்குறைய 865 மி.மீ. வரும். 300ஐச் சேர்த்தால் 1.2 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நீ ஆறு மீட்டர் குழாயைப் படியின் அளவுக்கு அறுத்துவிட்டு, மிச்சத்தை ஓரமாக வைத்துவிட்டு, கடையில் எல்போ வாங்கியிருக்கிறாய்.

இவ்வளவும் எழுதத் தோன்றியதற்குக் காரணம் உன் நிலைக்கம்பிகள். ஒவ்வொன்றின் தலையையும் மேல்குழாயின் உருட்டுக்கு ஏற்ப அரைவட்டமாகக் குடைந்து, இடைவெளியே இல்லாமல் உட்கார வைத்திருக்கிறாய். பதினான்கு கம்பி, பதினான்கிலும் ஒரே சீரான தையல். இந்த வட்டாரத்தில் இன்று இவ்வளவு சுத்தமாகக் குடைகிற கை வேறு இல்லை. அந்த மேஸ்திரி இருந்திருந்தால் உன்னைக் கூப்பிட்டுத் தம் பட்டறைச் சாவியைக் கொடுத்திருப்பார்.

அந்த வீட்டுக்காரரிடம் பேசி இரண்டு முனையையும் அறுத்தெடுத்து மாற்றிக்கொடு. வளைத்த முனையை நேர்க்குழாயோடு சேர்க்கும் இணைப்பு வளைவில் வர வேண்டாம், நேர்ப்பகுதியில் வரட்டும். அடுத்த வேலைக்குக் கொட்டேஷன் போடும்போது முனை ஒன்றுக்கு 1.2 மீட்டர் குழாயையும், வரைந்து அச்சு செய்ய ஒரு நாள் கூலியையும் தயங்காமல் சேர்த்து எழுது.