அடைத்த ரேடியேட்டரும் கறுத்த சுவரும்

மாணவர்களே, சென்ற டிசம்பரில் என் முன்னாள் மாணவி ஒருத்தி புலனத்தில் ஒரு படம் அனுப்பினாள். அவள் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் படிக்கிறாள். அலமாரியை நகர்த்தியபோது அதன் பின்சுவரில் கண்டதாம்: கையகலத்துக்குக் கறுப்புப் பூஞ்சை. “சார், கேஸ் கட்டணத்தை மிச்சப்படுத்த என் அறை ரேடியேட்டரை முழுக்க அடைத்துவிட்டேன். அதனாலா இப்படி?” என்று கேட்டிருந்தாள்.

அவளுக்கு எழுதிய பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். படிவம் இரண்டில் படித்த வெப்பம் பாடத்தை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் குளிர்விப்பது எப்போதுமே அறைக்கு அறை நடக்கும் வேலை. ஒவ்வோர் ஏர்கோனுக்கும் தனி ரிமோட் இருக்கிறது. குளிர்நாட்டு வீடுகளில் அப்படியில்லை. வீட்டுக்கு ஒரே கொதிகலன். அது நீரைச் சூடாக்க, ஒரு பம்பு அந்த நீரைக் குழாய்கள் வழியாக எல்லா அறைகளுக்கும் சுற்றி அனுப்புகிறது. அறைச் சுவரோரம் இருக்கும் தட்டையான உலோகப் பெட்டிதான் ரேடியேட்டர். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது அறையைச் சூடாக்குவது கதிர்வீச்சைவிட வெப்பச்சலனத்தால்தான் அதிகம். சூடான காற்று மேலே போக, குளிர்ந்த காற்று கீழே வந்து சேர்கிறது.

ஆளில்லாத அறையையும் ஏன் சூடாக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு டென்மார்க்கின் மாட்ஸ் கிளாவ்சன் 1943இல் ஒரு விடை கண்டார். ரேடியேட்டருக்குள் நீர் நுழையும் வால்வின்மேல் ஒரு சிறு தலைப்பகுதி. அதற்குள் வெப்பத்தால் விரியும் பொருள் இருக்கும். மெழுகோ திரவமோ வாயுவோ. அறை சூடானால் அது விரிந்து ஓர் ஊசியைத் தள்ளி வால்வை மூடும். அறை குளிர்ந்தால் சுருங்கி, வால்வு திறக்கும். மின்சாரமே வேண்டாம். விளைவே காரணத்தைக் கட்டுப்படுத்தும் இந்த ஏற்பாட்டைப் பின்னூட்டம் என்போம். நம் உடல் வியர்த்துத் தன் வெப்பநிலையைச் சீராக வைத்திருப்பதும் இதே வழியில்தான்.

அந்தத் தலைப்பகுதியில் 1 முதல் 5 வரை எண்கள் இருக்கும். 3 என்றால் ஏறத்தாழ 20 பாகை செல்சியஸ். குளிரில் நடுங்கி வீட்டுக்கு வருபவர்கள் அதை 5இல் திருப்பி வைப்பார்கள், சீக்கிரம் சூடாகும் என்று. சூடாகாது! குளிர்ந்த அறையில் 3 என்றாலும் 5 என்றாலும் வால்வு முழுதாகத் திறந்துதான் இருக்கும். 5 என்பது எப்போது நிறுத்த வேண்டும் என்பதை மட்டுமே தள்ளிப்போடுகிறது. ஏர்கோனை 16இல் வைத்துவிட்டு, பிறகு போர்வை தேடுபவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள்.

இன்றைய திறன் தெர்மோஸ்டாட்டில் மெழுகுக்குப் பதிலாக ஒரு சிறு மோட்டார் ஊசியைத் தள்ளுகிறது. வெப்பநிலையை அளப்பது தெர்மிஸ்டர். வெப்பம் கூடக்கூட மின்தடை குறையும் ஒரு பாகம். ஒரு சில்லு அந்த அளவைப் படித்து, வால்வை எவ்வளவு திறக்கலாம் என்று கணக்கிடுகிறது. படுக்கையறைக்கு இரவு 10 மணிக்கு 17, படிப்பறைக்கு மாலையில் 20 என்று கைப்பேசியிலிருந்தே நேர அட்டவணை போடலாம். வெப்பநிலை திடீரெனச் சரிந்தால், யாரோ சன்னலைத் திறந்துவிட்டார்கள் என்று ஊகித்துக் கொஞ்ச நேரம் வால்வை மூடிவிடும் வகைகளும் உண்டு.

ஆனால் அது இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். சூடான ரேடியேட்டருக்குப் பக்கத்திலேயே வெப்பமானி! அறையின் மறுகோடியில் 17 பாகைதான் என்றாலும், அதற்கு 20 என்று தோன்றும். அதனால்தான் பல வீடுகளில் மேசைமேல் தனி உணரி ஒன்றையும் வைக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல் எனக்கு மிகவும் பிடித்தது. கொதிகலனை இயக்கி நிறுத்தும் முதன்மைத் தெர்மோஸ்டாட் வரவேற்பறைச் சுவரில் 21இல் இருக்கிறது. அதே அறையின் ரேடியேட்டர் தலைப்பகுதி 18இல். இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத பழைய வகை. என்ன நடக்கும்? அறை 18ஐத் தொட்டதும் வால்வு மூடிக்கொள்ளும். சுவரில் இருப்பதோ 21க்காகக் காத்திருக்கும். அது வரவே வராது. கொதிகலனுக்கு ‘நிறுத்து’ என்ற கட்டளையும் போகாது. ஆகவேதான் முதன்மைத் தெர்மோஸ்டாட் இருக்கும் அறையின் ரேடியேட்டரில் இத்தகைய வால்வைப் பொருத்துவதில்லை.

உண்மையில் மிச்சமாகுமா? வீடு இழக்கும் வெப்பம், உள்ளே வெளியே உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. வெளியே 5, உள்ளே 20 என்றால் வேறுபாடு 15. உள்ளே 17 ஆக்கினால் வேறுபாடு 12. இழப்பு ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 விழுக்காடு குறைகிறது. 2022இல் உக்ரேன் போருக்குப் பிறகு எரிவாயு விலை எகிறியபோது, ஜெர்மனி பொதுக் கட்டடங்களின் அலுவலக அறைகளை 19 பாகைக்குமேல் சூடாக்கக் கூடாது என்று விதித்ததும் இந்தக் கணக்கினால்தான். ஆனால் ஓர் அறையை மட்டும் அடைத்தால் முழுப் பலன் கிடைக்காது. உட்சுவர்கள் வழியே பக்கத்து அறையின் வெப்பம் அங்கே கசிந்துகொண்டே இருக்கும்.

இப்போது பூஞ்சைக்கு வருவோம். 20 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17.3 கிராம் நீராவியைத் தாங்கும். 10 பாகையில் 9.4 கிராம் மட்டுமே. சமைத்து, குளித்து, துணி உலர்த்தும் வீட்டில் ஈரப்பதம் 50 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம், காற்றில் 8.65 கிராம் நீராவி இருக்கும். அந்தக் காற்று கதவிடுக்கு வழியாக 10 பாகையில் இருக்கும் அறைக்குள் போனால்? 8.65ஐ 9.4ஆல் வகுத்தால் ஈரப்பதம் 92 விழுக்காடு! அலமாரிக்குப் பின்னால் காற்று அசையாது. அறையின் கதகதப்பும் அந்த வெளிச்சுவரை எட்டாது. சுவர் 9 பாகைக்குக் கீழே போனதும் நீராவி அதன்மேல் நீர்த்துளியாகச் சுருங்கிவிடும். ஐஸ் மைலோ கோப்பை வெளிப்புறம் வியர்ப்பதைத் தினமும் பார்க்கிறீர்களே, அதேதான். ஈரம் நிலைத்த இடத்தில் பூஞ்சை குடியேறிவிடும். அது சுவாசத்துக்குக் கெடுதல், அதிலும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு. குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை இருப்பது பாதுகாப்பு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது.

ஆகவே அவளிடம் சொன்னேன்: முழுதாக அடைக்காதே, இல்லாத நேரத்தில் 16இல் வை, இருக்கும்போது 18க்கு மேல் ஏற்று. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப்போடு. குளித்தபின் குளியலறைச் சன்னலைத் திறந்து வை. பூஞ்சையைத் துடைக்கும்போது மூக்கை மூடிக்கொள்.

16 பாகையில் காற்று தாங்கும் நீராவி 13.6 கிராம். அப்படியானால் அவள் அறையில் இப்போது ஈரப்பதம் எத்தனை விழுக்காடு இருக்கும்? கணக்கிட்டுப் பாருங்கள்.