உமிக்குள்ளே இருக்கும் நெருப்பு



"நீ அரிசி கொண்டு வா, நான் உமி கொண்டு வர்றேன், ரெண்டு பேரும் ஊதி ஊதித் தின்னலாம்" என்று ஊரில் கேலியாகச் சொல்வார்கள். உமிக்கு மதிப்பே இல்லை என்று நினைத்தவர்கள் பேச்சு அது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ரைஸ் மில் இருக்கிறது. அப்பா அங்கேதான் பாய்லர் பார்க்கிறாங்க. அந்த பாய்லருக்கு விறகும் கிடையாது, நிலக்கரியும் கிடையாது. நெல்லை அவிப்பதும் காயவைப்பதும் அந்த நெல்லோட உமியை எரித்துத்தான்! அதனால் சுவர்ப் பத்திரிகைக்கு 'பயிர்க் கழிவில் எரிசக்தி' என்று சார் தலைப்பு சொன்னதும் நான்தான் முதலில் கை தூக்கினேன்.

முதலில் கணக்கு. 100 கிலோ நெல்லை அரைத்தால் சுமார் 20 கிலோ உமி வரும். ஒரு கிலோ உமி எரிந்தால் ஏறக்குறைய 3000 கிலோ கலோரி வெப்பம். அதாவது ரெண்டு கிலோ உமி, ஒரு கிலோ நல்ல நிலக்கரிக்குச் சமம்.

அப்படியானால் உமிப் புகையிலும் கரியமில வாயு வருமே என்று கேட்பீர்கள். வரும். ஆனால் அது நெற்பயிர் வளரும்போது காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட வாயு. அடுத்த போகத்துப் பயிர் அதை மறுபடியும் எடுத்துக்கொள்ளும். நிலக்கரியில் உள்ள கரி கோடிக்கணக்கான வருஷம் பூமிக்குள் கிடந்தது. அதை எரித்தால் காற்றில் புதுசாகச் சேரும். உமியைப் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் என்று சொல்வது இதனால்தான்.

உமியிலிருந்து கரண்ட்டும் எடுக்கலாம். மூடிய உலையில் உமியைப் போட்டு, காற்றைக் குறைவாக விட்டால் அது முழுசாக எரியாது. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு வரும். அதிலுள்ள தாரையும் தூசியையும் வடிகட்டி எடுத்துவிட்டு என்ஜினுக்கு விட்டால் ஜெனரேட்டர் ஓடும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒன்றரை முதல் 2 கிலோ உமி போதும். பீகாரில் தம்குஹா என்ற கிராமத்தில் 2007-ல் இந்த முறையில் வீடுகளுக்கு விளக்கு எரிய வைத்தார்கள். ஹஸ்க் பவர் சிஸ்டம்ஸ் என்ற அந்தக் கம்பெனி பிறகு சூரிய ஒளித் தகடுகளையும் சேர்த்துக்கொண்டது.

சரி, உமியில் இவ்வளவு இருந்தால் வைக்கோலில் எவ்வளவு இருக்கும்? நானும் அப்படித்தான் கேட்டேன். அப்பா சிரிச்சாங்க. "உமி தானா மில்லுக்கு வந்துடுது. வைக்கோலை யார் அள்ளிட்டு வர்றது?" கரும்புச் சக்கையும் இப்படித்தான். ஒரு டன் கரும்பு பிழிந்தால் சுமார் 300 கிலோ சக்கை ஆலையிலேயே குவிந்துவிடும். அதை எரித்துத்தான் சர்க்கரை ஆலைகள் ஓடுகின்றன. வைக்கோல் வயல் முழுக்கப் பரவிக் கிடக்கும். லாரி நிறைய ஏற்றினாலும் எடை இருக்காது. வைக்கோலில் பொட்டாஷ் அதிகம் என்பதால் சாம்பல் உருகி பாய்லர் குழாய்களில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

பஞ்சாபில் ஒரு வருஷத்துக்குச் சுமார் 2 கோடி டன் வைக்கோல் மிஞ்சுகிறது. அங்கே மாட்டுக்குக் கோதுமை வைக்கோல்தான் போடுவார்கள். நெல் அறுத்ததும் கோதுமை விதைக்க நாள் குறைவு. அதனால் பலர் வயலிலேயே கொளுத்திவிடுகிறார்கள். அதைக் கட்டாகக் கட்டி மின் நிலையத்துக்குக் கொடுப்பது நல்ல விஷயம்தான். நம்ம பக்கம் வைக்கோல் மாட்டுத் தீவனம். அதை எரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மாட்டுக்குப் போனால் சாணமாக வயலுக்குத் திரும்பும். எரித்தால் தழைச்சத்து புகையோடு போய்விடும்.

இப்போது எங்கள் வீட்டுக் கதை. உமி எரிந்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும். விறகில் இவ்வளவு சாம்பல் வராது. மில்லில் ஒரு நாளைக்கு 10 டன் நெல் அரைத்தால் 2 டன் உமி. அதை முழுக்க எரித்தால் 400 கிலோ சாம்பல்! அதில் பெரும்பகுதி சிலிக்கா, மணலில் இருக்கிற அதே பொருள். காற்றடித்தால் பறக்கும். கொடியில் காயும் என் வெள்ளை யூனிஃபார்ம் எத்தனை நாள் சாம்பல் நிறமாகியிருக்கிறது தெரியுமா? போன மாசம் அப்பாயி கண்ணில் தூள் விழுந்து, உறுத்தல் தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்துவிட்டு வந்தோம்.

புகைபோக்கிக்கு முன்னால் 'சைக்ளோன்' என்று ஒரு புனல் மாதிரி இருக்கும். புகை அதற்குள் சுழலும்போது சாம்பல் ஓரத்தில் மோதிக் கீழே விழுந்துவிடும். அது அடைத்துக்கொண்டால் எல்லாம் வெளியேதான் போகும். எங்கள் மில்லில் அடைத்திருப்பது அப்பாவுக்குத் தெரியும். சம்பளம் கொடுக்கும் இடத்தில் எப்படிச் சொல்வது என்று தயங்கினாங்க. அப்பாயி கண்ணைப் பார்த்த பிறகு முதலாளியிடம் சொல்லிவிட்டாங்க. அரவை குறையும் மாசத்தில் கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்று பதில் வந்திருக்கிறது. அதுவரைக்கும் அப்பாயி, புகை எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்துட்டுத்தான் துணி காயப்போடுறாங்க.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி