காற்றாடி சுற்றுகிறது, திரை இருட்டு

வைகாசிக் கல்யாணப் பத்திரிகைகள் ஏழு, அச்சகத்துக்குப் போகத் தயாராகக் கம்ப்யூட்டருக்குள் கிடந்தன. 2012ஆம் வருஷம். தூத்துக்குடியில் வீட்டு முன்னறையிலேயே டைப்செட்டிங் செய்துகொண்டிருந்தேன். காலையில் சுவிட்சைத் தட்டினால் உள்ளே காற்றாடி சுற்றுகிறது, முகப்பில் பச்சை விளக்கு எரிகிறது, மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’ என்று ஒரு வரி வந்து மறைகிறது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்கு ஓடினேன். மாலையில் தீர்ப்பு வந்தது: மதர்போர்டு போச்சு, 4,200 ரூபாய். முகூர்த்த மாதத்தில் யார் பேரம் பேசுவார்கள்? கொடுத்தேன். பத்திரிகைகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பழைய போர்டைக் கேட்டு வாங்கிப் பரணில் போட்டு வைத்தேன். காசு கொடுத்த பொருளாயிற்றே.

இரண்டு வருஷம் கழித்து, வேறு வேலையாக வீட்டுக்கு வந்த மெக்கானிக் தம்பி கண்ணில் அது பட்டது. “இதுல என்ன கோளாறு அண்ணாச்சி?” என்றார். கதையைச் சொன்னேன். என் மெஷினிலிருந்தே புராசசரையும் ரேமையும் கழற்றி அதில் மாட்டி, மேஜைமேல் ஒரு அட்டையை விரித்து ஓடவிட்டார். படம் வந்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. அவர் சிரித்தார். “புதுப் போர்டு போடும்போது ரேமைக் கழட்டித்தான மாட்டியிருப்பாங்க? கழட்டி மாட்டுனதுலயே சரியாப் போயிருக்கும். பேரு போர்டுக்கு.”

கடைக்காரர் ஏமாற்றினார் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு காரியம் செய்தார். எதனால் சரியாயிற்று என்று பார்க்கவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் தொடுவேன். ஒன்றை மாற்றுவது, சுவிட்சைப் போட்டுப் பார்ப்பது, பலன் இல்லாவிட்டால் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவது. நேரம் பிடிக்கும். 4,200 ரூபாய் பிடிக்காது.

அந்தத் தம்பி கற்றுக்கொடுத்த இன்னொன்று: “பெட்டியைத் திறக்கதுக்கு முன்னாடி கீபோர்டைப் பாருங்க அண்ணாச்சி.” சுவிட்சைப் போட்டு ஒரு நிமிஷம் கழித்து ‘நம் லாக்’ (Num Lock) விசையைத் தட்ட வேண்டும். தட்டத் தட்ட அதன் சின்ன விளக்கு அணைந்து எரிந்தால் உள்ளே மெஷின் உயிரோடு இருக்கிறது. தகராறு மானிட்டரிலோ கேபிளிலோ கிராபிக்ஸ் கார்டிலோ. விளக்கு அசையவே இல்லையென்றால் மெஷின் பாதி வழியில் எங்கோ நின்றுவிட்டது. தேட வேண்டிய இடம் இந்த ஒரு தட்டலில் பாதியாகிவிடும். என்னுடைய அடுத்த கோளாறு இதில்தான் பிடிபட்டது. விளக்கு ஒழுங்காக எரிந்தது, விண்டோஸ் திறக்கும் சத்தம்கூடக் கேட்டது, திரை மட்டும் கறுப்பு. அறையை இருட்டாக்கி டார்ச்சைச் சாய்த்துத் திரைமேல் அடித்தால், நிழல்போல ஐகான்கள் வரிசையாகத் தெரிந்தன. பின்னாலிருந்து வெளிச்சம் கொடுக்கும் விளக்குதான் போயிருந்தது. சிபியுவில் ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றவில்லை. (அந்தப் பெட்டி முழுவதையும் நாம் சிபியு என்று சொல்வதைக் கேட்டால் தம்பிக்குச் சிரிப்பு வரும். உள்ளே இருக்கும் புராசசர் சில்லுக்குத்தான் அந்தப் பெயர் என்பார்.)

கேபிளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு முனையையும் பிடுங்கி மாட்டுங்கள், மானிட்டரில் இன்புட் சரியாக இருக்கிறதா பாருங்கள். தனியாக கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் ஒயர் அந்தக் கார்டில்தான் சேர வேண்டும், மேலே போர்டில் இருக்கும் துளையில் அல்ல. பெயர் எஃப் என்று முடிகிற இன்டெல் புராசசர்களில், 12400எஃப் மாதிரி, படம் காட்டும் பகுதியே வேலை செய்யாது. போர்டின் துளையில் எத்தனை கேபிள் மாற்றினாலும் இருட்டுதான்.

‘நம் லாக்’ விளக்கு அசையவில்லை என்றால்தான் விஷயமே. சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் தன்னைத்தானே ஒருமுறை சோதித்துக்கொள்கிறது. முதலில் புராசசர், பிறகு ரேம், அதற்குப் பிறகுதான் திரை. ரேமில் தடுக்கினால் ‘ரேமில் கோளாறு’ என்று எழுதிக் காட்டக்கூட அதனால் முடியாது. எழுதும் கட்டத்துக்கே அது வந்து சேரவில்லை. அதனால்தான் சின்ன அழுக்குக்கும் பெரிய சாவுக்கும் நமக்குத் தெரிவது ஒரே கறுப்புத் திரை. எழுத முடியாவிட்டாலும் அது கத்தும். ஆனால் இப்போது வரும் போர்டுகள் பலவற்றில் அதற்கான குட்டி ஸ்பீக்கர் இருப்பதில்லை. நான்கு ஊசியில் செருகுகிற அந்த ஸ்பீக்கர் மிகச் சல்லிசாகக் கிடைக்கும், ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதை மாட்டிவிட்டு, ரேமை மொத்தமாகக் கழற்றிவிட்டு சுவிட்சைப் போடுவேன். பீப் பீப் என்று அலறினால் எனக்கு நிம்மதி: போர்டும் புராசசரும் பிழைத்திருக்கின்றன, ரேம் இல்லை என்று புகார் சொல்கின்றன. ரேம் இல்லாமலும் சத்தமே இல்லையென்றால்தான் போர்டு, புராசசர், கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். மூன்றையும் சந்தேகப்பட வேண்டும். புதுப் போர்டுகள் சிலவற்றில் ஸ்பீக்கருக்குப் பதில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு பொடி விளக்குகள் இருக்கும்; எதில் நின்று எரிகிறதோ அங்கே நின்றிருக்கிறது.

ரேமைத் துடைக்கிற கதையை எல்லோரும் சொல்வார்கள், எப்படி என்று சொல்லமாட்டார்கள். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, முன்பக்க பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சக் கரண்ட் வடியும். பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு ரேமை ஓரத்தில் பிடித்து எடுங்கள். தங்கப்பூச்சுக் கால்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை அழிரப்பரால் ஒரே திசையில் இரண்டு தடவை லேசாக இழுத்தால் போதும். நான் முதல்தடவை பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குகிற மாதிரி தேய்த்தேன். அந்தப் பூச்சு மிக மெல்லியது, தேய்த்தே அழித்துவிடலாம். ரப்பர் துகள் ஒன்றுகூட ஸ்லாட்டுக்குள் விழக்கூடாது. ஐசோபுரொபைல் ஆல்கஹால் கிடைத்தால் ரப்பரே வேண்டாம். மாட்டும்போது ஓரத்துக் கிளிப் ‘டக்’கென்று விழ வேண்டும். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு, ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டுக்கு உப்புக்காற்று நேராக வருகிறது. எனக்கு இந்த வேலை வருஷத்துக்கு ஒருமுறை உண்டு.

காற்றாடி சுற்றுவதை நம்பி ஏமாந்ததும் உண்டு. ஒரு தீபாவளிக்கு முன்னால் புளோயரால் தூசி அடித்துத் துடைத்து எல்லாம் மாட்டினேன். காற்றாடி, விளக்கு எல்லாம் ஜோர், திரை மட்டும் இல்லை. ரேமை மூன்று தடவை கழற்றினேன். கடைசியில் பார்த்தால், புராசசர் பக்கத்தில் தனியாக வருகிற நாலு ஊசி பிளக்கை மாட்டவே மறந்திருக்கிறேன். புராசசருக்கான கரண்ட் அந்த வழியாகத்தான் போகிறது. காற்றாடிக்கு அது தேவையில்லை, தன் பாட்டுக்குச் சுற்றும். புது மெஷின்களில் இது எட்டு ஊசி.

எஸ்.எம்.பி.எஸ். மேல் சந்தேகம் வந்தால் வேறொன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பேனே தவிர, அந்தத் தகரப் பெட்டியைத் திறக்கமாட்டேன். 230 வோல்ட் ஏசி உள்ளே டிசியாகி, பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் அளவுக்குத் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். போர்டின்மேல் இருக்கும் கெப்பாசிட்டர்களைக் கண்ணால் பார்க்கலாம், ஆபத்தில்லை. தலை தட்டையாக இருக்க வேண்டும். பணியாரம் மாதிரி உப்பியிருந்தால் அந்தப் போர்டு கடைக்குப் போகட்டும்.

போர்டில் இருக்கும் வட்டமான சிஆர்2032 செல்லைப் பலர் முதலில் மாற்றச் சொல்வார்கள். அது தீர்ந்தால் பெரும்பாலும் தேதியும் நேரமும்தான் தப்பும். ரேம் வேகத்தைக் கூட்டிவைத்து, அதன்பிறகு திரை இருண்டிருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு செல்லை ஐந்து நிமிஷம் கழற்றி வைப்பது உதவும். செட்டிங் பழைய நிலைக்குத் திரும்பும்.

போன மாதம் ராத்திரி பத்து மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து தங்கை மகன் கூப்பிட்டான். புது மெஷின், டிடிஆர்5 ரேம், எல்லாம் அவனே கோத்தது.

“மாமா, ஃபேன் சுத்துது, லைட்டு எரியுது, ஸ்க்ரீன்ல ஒண்ணுமே வரல. ரேமைக் கழட்டவா?”

“போட்டு எவ்வளவு நேரமாச்சு?”

“ரெண்டு நிமிஷம். நாலு தடவை ஆஃப் பண்ணிட்டேன்.”

இந்த ரேம்களை முதல் தடவை போடும்போது, போர்டு அதோடு பழகிக்கொள்ளச் சில நிமிஷம் எடுக்கும். அதுவரை திரை கறுப்புதான். இவன் ஒவ்வொரு தடவையும் நடுவிலேயே அணைத்து முதலிலிருந்து தொடங்க வைத்திருக்கிறான்.

“சாப்பிட்டியால?”

“இல்ல மாமா.”

“மெஷினைப் போட்டுட்டுப் போய்ச் சாப்பிடு. கைய வைக்காத.”

பத்தரை மணிக்குப் போட்டோ வந்தது. நீலத் திரை ஓரமாகத் தெரிய, முன்னால் பாதி தின்ற தோசை.