தச்சர் கீலி கட்டிய கோயில்கள்

பிழைப்புக்காக ஊரை விட்டுப் போகிறவர்கள் என்ன கொண்டு போவார்கள்? மாற்றுத் துணி கொண்டு போவார்கள். கையில் கொஞ்சம் பணம் வைத்திருப்பார்கள். சிலரிடம் ஒரு கைத்தொழிலும் இருக்கும். அப்படித் தொழிலோடு போன ஒருவரின் கதை இது.

அவர் பெயர் பேட்ரிக் சார்லஸ் கீலி. இங்கிலாந்துக்குப் பக்கத்தில் அயர்லாந்து என்ற தீவு இருக்கிறது. அங்கே தர்லெஸ் என்ற ஊரில் 1816ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய தந்தை கட்டட வேலை செய்பவர். மகனும் அந்தத் தொழிலில் வளர்ந்தார்.

1842இல் கீலி கப்பல் ஏறினார். அமெரிக்காவில் புரூக்ளின் நகரத்துக்கு வந்தார். அது இன்று நியூயார்க் நகரத்தின் ஒரு பகுதி. அங்கே அவர் தச்சு வேலை செய்தார்.

பஞ்சம் வந்தது

அயர்லாந்து ஏழைகளுக்கு உருளைக்கிழங்குதான் சோறு. 1845இல் அந்தப் பயிரில் நோய் விழுந்தது. கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகியது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் பசியாலும் நோயாலும் இறந்தார்கள். அதைவிட அதிகம் பேர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் பலர் அமெரிக்கா வந்தார்கள்.

ஆண்கள் மண் வெட்டினார்கள், மூட்டை சுமந்தார்கள். பெண்கள் பணக்காரர் வீடுகளில் வேலை செய்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். அந்த நாட்டில் பெரும்பாலோர் வேறு கிறிஸ்தவப் பிரிவினர். அவர்களில் சிலர் கத்தோலிக்கரை வெறுத்தார்கள். 1834இல் போஸ்டன் நகரத்துக்கு அருகில் ஒரு கொடுமை நடந்தது. கன்னியர்கள் நடத்திய பெண்கள் பள்ளியை ஒரு கும்பல் தீ வைத்து எரித்தது.

வந்தவர்களுக்கு வேலை வேண்டும், வீடு வேண்டும். கூடி நின்று கும்பிட ஓர் இடமும் வேண்டும். பிள்ளைகள் படிக்கப் பள்ளிக்கூடமும் வேண்டும். ஆனால் கையில் காசு குறைவு.

முதல் கோயில்

புரூக்ளின் பக்கம் வில்லியம்ஸ்பர்க் என்ற இடத்தில் ஒரு சாமியார் இருந்தார். அவர் பெயர் சில்வெஸ்டர் மலோன். அவரும் அயர்லாந்துக்காரர்தான். தம் மக்களுக்கு ஒரு கோயில் கட்ட நினைத்தார். அதற்கு வரைபடம் போட்டவர் கீலி. 1848இல் அந்தக் கோயில் திறக்கப்பட்டது.

அதைப் பார்த்த மற்ற ஊர்ச் சாமியார்களும் கீலியைத் தேடி வந்தார்கள். அவர் கட்டட வரைபடம் போடக் கல்லூரிக்குப் போனவர் அல்ல. அப்போது அமெரிக்காவில் அதற்கென்று கல்லூரியே கிடையாது. முதல் வகுப்பு 1868இல்தான் போஸ்டனில் தொடங்கியது. கீலிக்கு வேலை நடக்கும் இடமே கல்லூரி.

கல் போலத் தெரியும் கூரை

பழைய காலத்து ஐரோப்பியக் கோயில்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். வாசலும் சன்னலும் மேலே கூராக முடியும். உள்ளே கூரையும் கல்லால் வளைந்து நிற்கும். பார்க்க மிக அழகு. ஆனால் கல் கூரை மிகவும் கனம். அதைத் தாங்கச் சுவர் தடிமனாக வேண்டும். ஆள் கூலியும் அதிகம் ஆகும்.

அதே அழகைக் குறைந்த செலவில் கொண்டுவர ஒரு வழி இருந்தது. கீலி அந்த வழியைப் பல கோயில்களில் பின்பற்றினார். மரச் சட்டங்களை வளைத்து நிறுத்துவார்கள். அவற்றின்மேல் மெல்லிய ரீப்பர்களை அடிப்பார்கள். அதன்மேல் சாந்து பூசுவார்கள். கீழே நின்று பார்த்தால் கல் கூரை போலவே இருக்கும். கனம் குறைவு, செலவும் குறைவு. மரத்தின் குணம் தச்சருக்குத் தெரியாதா?

கூலிக்காரர்களும் வீட்டு வேலைக்காரப் பெண்களும் சிறுகச் சிறுகக் காசு கொடுத்தார்கள். அந்தக் காசில் கோயில்கள் எழுந்தன.

போஸ்டன் பேராலயம்

கீலி கட்டியவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று போஸ்டனில் இருக்கிறது. அது திருச்சிலுவைப் பேராலயம். நீளம் 360 அடிக்கு மேல். 1866இல் வேலை தொடங்கி 1875இல் திறக்கப்பட்டது. கோபுரங்களின் உச்சியில் கூம்புகள் வைக்கத் திட்டம் இருந்தது. அவை கட்டப்படவே இல்லை.

1834இல் எரிந்த பெண்கள் பள்ளி நினைவிருக்கிறதா? அந்தப் பள்ளியின் செங்கற்கள் சில இந்தப் பேராலயத்தின் முன்பகுதியில் வைத்துக் கட்டப்பட்டன. எரித்தவர்கள் அழிந்தது என்று நினைத்திருப்பார்கள். அந்தச் செங்கல் மறுபடி சுவரானது.

பாதியில் நின்ற கோயில்

கீலி கோயில் மட்டும் கட்டவில்லை. பள்ளிக்கூடங்களும் கன்னியர் மடங்களும் கட்டினார். 1884இல் அமெரிக்க ஆயர்கள் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். ஒவ்வொரு பங்கிலும் ஒரு பள்ளி வேண்டும் என்பதே அந்த முடிவு. அதே ஆண்டு நோட்டர் டேம் பல்கலைக்கழகம் கீலிக்குப் பதக்கம் கொடுத்துப் பாராட்டியது.

அவருடைய சொந்த நகரமான புரூக்ளினிலும் ஒரு மாபெரும் பேராலயத்துக்குத் திட்டம் போட்டார். 1868இல் அடிக்கல் நாட்டினார்கள். சுவர் சில அடி உயர்ந்தது. பிறகு வேலை நின்றுவிட்டது. அங்கே ஆயராக இருந்தவர் லாஃப்லின். அவர் காலத்தில் ஊரெங்கும் பள்ளிகளும் அநாதை இல்லங்களும் பெருகின. பேராலயம் மட்டும் வளரவில்லை.

கீலி 1896இல் தம் 80ஆம் வயதில் இறந்தார். அவர் கட்டிய கோயில்கள் ஏறக்குறைய 600 என்று சொல்கிறார்கள். புரூக்ளின் பேராலயம் அந்தக் கணக்கில் சேரவே இல்லை.

அந்த இடம் வீணாகப் போனதா? இல்லை. 1933இல் அங்கே ஒரு பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. ஆயர் லாஃப்லினின் பெயரையே அதற்கு வைத்தார்கள். கோயிலுக்கு அடிக்கல் போட்ட மண்ணில் பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள்.

சொல் பழகுவோம்

வரைபடம் – கட்டடம் எப்படி இருக்கும் என்று காட்டும் படம்.
ஆயர் – பல பங்குகளுக்குத் தலைவரான குரு.
பேராலயம் – ஆயரின் தலைமைக் கோயில்.

கணக்குப் போடுவோம்

1. அமெரிக்கா வந்தபோது கீலிக்கு வயது என்ன?
2. போஸ்டன் பேராலயம் கட்ட எத்தனை ஆண்டுகள் ஆயின?

பேசுவோம், எழுதுவோம்

உங்கள் ஊரில் எல்லோரும் காசு போட்டுக் கட்டிய கட்டடம் எது? அதில் வேலை செய்த கொத்தனார் யார்? ஆசாரி யார்? சித்தாள்கள் யார்? பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் பெயர்களை உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள்.